எத்தனை முறை கேட்டீர்கள் என்று எண்ணுங்கள்

ஆய்வு மாணவர்கள் கொண்டுவரும் தரவுக் கோப்பைத் திறக்கும் முன் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "இதில் மொத்தம் எத்தனை சோதனை ஓட்டினீர்கள்?" கட்டுரையில் நான்கு இருக்கிறது என்பார்கள். கட்டுரையில் இருப்பதைக் கேட்கவில்லை, கணினியில் ஓட்டியது எத்தனை என்று மறுபடி கேட்டால் பதில் வராது. இருபது ஆண்டுகளாகப் பிறருடைய தரவுக்குப் புள்ளியியல் ஆலோசனை சொல்லிவருகிறேன். ஒரே தரவில் பல சோதனைகள் ஓட்டினால் தற்செயலாகவே ஏதாவது ஒன்று உண்மைபோல் தோன்றிவிடும்; பல ஒப்பீடுகள் என்பது இந்தச் சிக்கல்தான். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் எந்தத் திருத்தச் சூத்திரத்தைப் போடுவது என்றுதான் கேட்கிறார்கள். சூத்திரம் கடைசிப் படி. எண்ணிக்கை பொய் என்றால் எந்தச் சூத்திரத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இதை நான் கற்றுக்கொண்டது இன்னொருவருடைய செலவில். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, நினைவாற்றல் பயிற்சி பற்றிய ஓர் ஆய்வில் பகுப்பாய்வு என் பொறுப்பு. பயிற்சி பெற்ற குழு ஒன்று, பெறாத குழு ஒன்று, அளவீடுகள் 16. பதினைந்தில் குழுக்களுக்கிடையே வேறுபாடு எதுவும் இல்லை. சொற்பட்டியலை நினைவுகூரும் சோதனையில் மட்டும் பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலாக இந்த அளவோ அதற்கு மேலோ வேறுபாடு தெரிவதற்கான வாய்ப்பு) 0.02, வழக்கமான வரம்பான 0.05-க்குக் கீழே. அதைத் தலைப்பிலேயே வைத்து எழுதினோம். மற்ற பதினைந்தும் பின்னிணைப்பு அட்டவணைக்குப் போயின. அடுத்து வந்த ஒரு மாணவி அந்த முடிவை நம்பித் தன் முனைவர் பட்ட ஆய்வை அமைத்தார். எங்களைவிட மூன்று மடங்கு பங்கேற்பாளர்கள், இரண்டரை ஆண்டு உழைப்பு. வேறுபாடு தென்படவே இல்லை. தன் செய்முறையில்தான் ஏதோ பிழை என்று அவர் மாதக்கணக்கில் தேடினார். பிழை என்னுடையது.

கணக்கு எளிது. பயிற்சியால் எந்தப் பயனுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 0.05 என்ற வரம்பில் ஒரு சோதனை நம்மை ஏமாற்றாமல் இருக்க வாய்ப்பு 0.95. ஒன்றையொன்று சாராத 16 சோதனைகளும் ஏமாற்றாமல் இருக்க, 0.95-ஐ 16 முறை பெருக்க வேண்டும்: 0.44. அப்படியானால் ஒன்றாவது பொய்யாக முளைக்க வாய்ப்பு 56 விழுக்காடு. 5 சோதனை என்றால் 23, 10 என்றால் 40, 20 என்றால் 64 விழுக்காடு. நூறு சோதனை போட்டால் ஏறக்குறைய உறுதியாகவே ஒன்று கிடைக்கும். அந்த 0.02-ஐப் பார்த்த நாளில் இந்தப் பெருக்கலை நான் போட்டிருந்தால் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

எண்ணுவது எப்படி

ஒரு தாளை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். அளவீடுகள் எத்தனை, எத்தனை கால இடைவெளிகளில் அளந்தீர்கள், எத்தனை குழுக்களை ஒப்பிடுகிறீர்கள், எத்தனை உட்பிரிவுகளாகப் பிரித்துப் பார்த்தீர்கள். 6 அளவீடு, 3 காலம், ஆண் பெண் எனத் தனித்தனியாக ஒரு முறை, சேர்த்து ஒரு முறை: 6 × 3 × 3 = 54. "சில சோதனைகள்தான் செய்தேன்" என்று சொன்ன ஒருவரிடம் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டியபோது அவர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். குழுக்கள் கூடும்போதும் இதே கதைதான்: 4 குழுக்களுக்கு 6 இணைகள், 5 குழுக்களுக்கு 10, 6 குழுக்களுக்கு 15.

தாளில் வராத சோதனைகளும் உண்டு. விலகிய இரண்டு மதிப்புகளை நீக்கி மறுபடி ஓட்டியது, வயதைச் சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை, லாக் எடுத்து ஒரு முறை. ஒவ்வொன்றும் தரவிடம் கேட்ட ஒரு கேள்வி. இவற்றுள் பிடித்த பதிலை மட்டும் வைத்துக்கொண்டால், எந்தத் திருத்தச் சூத்திரத்துக்கும் இவை தெரியாமலே போய்விடும். ஆகவே ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டிய ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரி: தேதி, என்ன கேட்டேன், ஏன் கேட்டேன், என்ன வந்தது. என் மாணவர்களிடம் நான் கண்டிப்பாக இருப்பது இந்த ஒன்றில்தான்.

இதைவிட நல்லது, முக்கியக் கேள்வி எது, எந்த மாதிரியில் சோதிப்பேன், எந்த மதிப்புகளை எந்த விதிப்படி நீக்குவேன் என்பதையெல்லாம் தரவைப் பார்க்கும் முன்பே எழுதி, தேதியோடு பதிவுசெய்துவிடுவது. ஒரே ஒரு முதன்மைக் கேள்வியைத் தேர்ந்துவிட்டால் அதற்குத் திருத்தமே தேவையில்லை, முழு 0.05-உம் அதற்கே. மற்றவை எல்லாம் துணைக் கேள்விகள். பல ஒப்பீடுகளுக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த மருந்து, ஒப்பீடுகளைக் குறைப்பதுதான்.

எந்தெந்தச் சோதனைகள் ஒரே குடும்பம்

திருத்தம் ஒரு சோதனைத் தொகுப்புக்குப் பொருந்துவது. அந்தத் தொகுப்பைக் குடும்பம் என்கிறோம். ஒரு குடும்பத்தில் எவையெவை அடங்கும் என்பதற்குக் கணித விதி எதுவும் இல்லை. அது ஆய்வாளரின் தீர்ப்பு. நான் பயன்படுத்தும் உரைகல் இது: இந்தச் சோதனைகளில் ஏதாவது ஒன்று வெற்றி பெற்றாலும் ஒரே முடிவைத்தான் அறிவிப்பேனா? "பயிற்சி பயன் தருகிறது" என்ற ஒரே வாக்கியத்தை 16 அளவீடுகளில் எது கிடைத்தாலும் எழுதுவேன் என்றால், அந்தப் பதினாறும் ஒரே குடும்பம். பயிற்சி நினைவாற்றலைப் பாதிக்கிறதா, தூக்கத்தைப் பாதிக்கிறதா என்று இரண்டு தனிக் கேள்விகளுக்கு இரண்டு தனி முடிவுகளை எழுதுவதாக இருந்தால், இரண்டு குடும்பமாக வைப்பதற்கு வாதம் உண்டு. முடிவைப் பார்த்த பிறகு குடும்பத்தைப் பிரிப்பதற்கு மட்டும் எந்த வாதமும் கிடையாது.

எந்தத் தவறைக் கட்டுப்படுத்துகிறீர்கள்

இங்கே இரண்டு வழி பிரிகிறது. ஒரு பொய்க் கண்டுபிடிப்புகூட நுழையக் கூடாது என்பது ஒன்று; குடும்பப் பிழை விகிதத்தைக் கட்டுப்படுத்துவது என்பார்கள். இன்னொன்று, நான் அறிவிக்கும் கண்டுபிடிப்புகளில் பொய்யின் பங்கு சராசரியாக 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது. இதற்குப் பொய்க் கண்டுபிடிப்பு விகிதம் என்று பெயர். மருந்தை நோயாளிக்குக் கொடுக்கலாமா என்று முடிவெடுக்கும் ஆய்வுக்கு முதலாவது வேண்டும். இருபதாயிரம் மரபணுக்களில் அடுத்து எவற்றை ஆராயலாம் என்று சலித்தெடுக்க இரண்டாவது போதும், ஏனென்றால் தேர்ந்தவை எப்படியும் மறுபடி சோதிக்கப்படும்.

முதல் வகையில் எல்லோரும் அறிந்தது போன்பெரோனி முறை. கார்லோ எமிலியோ போன்பெரோனி என்ற இத்தாலியக் கணிதவியலாளர் 1936-இல் எழுதிய சமனிலியிலிருந்து வந்த பெயர். ஒப்பீடுகளுக்கு அதை நடைமுறைக் கருவியாக ஆக்கியவர் ஆலிவ் ஜீன் டன், 1961-இல். 0.05-ஐச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் புதிய வரம்பு கிடைத்துவிடும். சோதனைகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தாலும் இது பொய் சொல்லாது; சற்றே கடுமையாகும், அவ்வளவுதான். ஸ்டூரே ஹோம் 1979-இல் வெளியிட்ட படிமுறை, போன்பெரோனி தரும் அதே பாதுகாப்பை அதே நிபந்தனைகளோடு தருகிறது. போன்பெரோனி ஏற்பதை எல்லாம் இதுவும் ஏற்கும், சில சமயம் கூடுதலாகவும் ஏற்கும். ஆகவே கையில் கணினி இருக்கும் எவருக்கும் வெறும் போன்பெரோனியைப் பயன்படுத்தக் காரணமே இல்லை என்பது என் துணிபு. நம்பக இடைவெளிகளையும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகளை) சேர்த்துத் திருத்த வேண்டியிருந்தால் மட்டும் போன்பெரோனி எளிது.

இரண்டாம் வகையில், யோவாவ் பெஞ்சமினியும் யோசெஃப் ஹோக்பெர்க்கும் 1995-இல் தந்த முறைதான் இன்று எங்கும் புழங்குகிறது.

கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள்

மென்பொருள் செய்துவிடும்தான். ஆனாலும் ஒரு முறையாவது தாளில் போட்டவர்களுக்கே இது மனதில் தங்குகிறது. பத்துச் சோதனைகளின் பி-மதிப்புகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குவோம். இவை விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள்:

0.001, 0.004, 0.006, 0.022, 0.024, 0.034, 0.046, 0.21, 0.48, 0.83.

திருத்தாமல் பார்த்தால் 0.05-க்குக் கீழே ஏழு.

போன்பெரோனியின்படி வரம்பு 0.05 ÷ 10 = 0.005. முதல் இரண்டு மட்டும் தேறும்.

ஹோம் முறையில் சிறியதிலிருந்து தொடங்குங்கள். முதல் மதிப்பை 0.05 ÷ 10-உடன் ஒப்பிட வேண்டும், அதாவது 0.005: தேறுகிறது. இரண்டாவதை 0.05 ÷ 9, ஏறத்தாழ 0.0056: தேறுகிறது. மூன்றாவதை 0.05 ÷ 8, 0.00625: நம் 0.006 தேறுகிறது. நான்காவதை 0.05 ÷ 7, ஏறத்தாழ 0.0071: 0.022 தேறவில்லை. முதல் தோல்வியிலேயே நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பின் வருபவற்றைப் பார்க்கவே கூடாது. மூன்று கிடைத்தன.

பெஞ்சமினி-ஹோக்பெர்க் முறை எதிர்த் திசையில் நடக்கிறது, இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒவ்வொரு மதிப்புக்கும் அதன் வரிசை எண்ணைப் பத்தால் வகுத்து 0.05-ஆல் பெருக்குங்கள்: 0.005, 0.010, 0.015, 0.020, 0.025, 0.030, 0.035 எனப் போகும். இப்போது பெரிய மதிப்பிலிருந்து கீழே இறங்குங்கள். 0.83, 0.48, 0.21 தேறாது. 0.046-க்கு வரம்பு 0.035, தேறாது. 0.034-க்கு வரம்பு 0.030, தேறாது. 0.024-க்கு வரம்பு 0.025, தேறுகிறது. அங்கே நின்றுவிடலாம், அதுவும் அதைவிடச் சிறியவை அனைத்தும் ஏற்கப்படும். நான்காவதான 0.022 தன் சொந்த வரம்பான 0.020-ஐத் தாண்டியிருக்கிறது, இருந்தாலும் அதுவும் உள்ளே வரும். சிறியதிலிருந்து தொடங்கி அங்கேயே நிறுத்தியவர்களுக்கு மூன்றுதான் கிடைக்கும். சரியான விடை ஐந்து.

ஏழு, இரண்டு, மூன்று, ஐந்து. தரவு ஒன்றுதான், விடைகள் நான்கு. எந்த முறை என்பதைத் தரவைப் பார்க்கும் முன் ஏன் முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. நான்கையும் ஓட்டிப் பார்த்துப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தால், அதுவும் இன்னொரு பல ஒப்பீடு ஆகிவிடும்.

புள்ளியியலுக்கான ஆர் கணினி மொழியில் பி.அட்ஜஸ்ட் என்ற கட்டளை இவை எல்லாவற்றையும் செய்கிறது. பைத்தானில் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் நூலகத்தின் மல்டிபிள்டெஸ்ட்ஸ். இரண்டும் வரம்பைக் குறைப்பதற்குப் பதிலாகப் பி-மதிப்பை உயர்த்தித் தரும். அதை நேராக 0.05-உடன் ஒப்பிடலாம். எச்சரிக்கை ஒன்று: குடும்பத்தின் எல்லாப் பி-மதிப்புகளையும் உள்ளே கொடுங்கள். 0.05-க்குக் கீழே வந்த ஏழு மதிப்புகளை மட்டும் பொறுக்கிக் கொடுத்து "திருத்திவிட்டேன்" என்று எழுதிய கட்டுரை வரைவுகளைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் ஏமாற்றுபவர்கள் அல்லர், யாரும் சொல்லித்தரவில்லை.

பொய்க் கண்டுபிடிப்பு விகிதத்தில் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டும் உண்டு. 5 விழுக்காடு என்பது பட்டியலின் சராசரி. பட்டியலின் ஒவ்வொரு முடிவும் 95 விழுக்காடு உண்மை என்று பொருளல்ல. வரம்பை ஒட்டி நிற்கும் கடைசி ஒன்றிரண்டு மற்றவற்றைவிடப் பலவீனமானவை. அடுத்தது, ஏற்கெனவே உண்மை என்று தெரிந்த சோதனைகளைக் குடும்பத்தில் சேர்த்தால் அவை வரிசையின் முன்பக்கம் உட்கார்ந்து, பின்னால் வருபவற்றின் வரம்பைத் தளர்த்திவிடும். தெரிந்த விடைகளைக் குடும்பத்தில் சேர்க்காதீர்கள். சோதனைகள் சிக்கலாக ஒன்றையொன்று சார்ந்திருக்கும் இடங்களுக்கு பெஞ்சமினியும் யெகுதியேலியும் 2001-இல் கொடுத்த கடுமையான வடிவம் உள்ளது.

குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுபவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா இணைகளையும் பார்க்க வேண்டுமானால் டூக்கி முறை. ஒரு கட்டுப்பாட்டுக் குழுவோடு மட்டும் மற்றவற்றை ஒப்பிட டன்னெட் முறை, 1955-இலிருந்து இருக்கிறது. அனோவா (எல்லாக் குழுக்களின் சராசரியும் ஒன்றுதானா என்று ஒரே சோதனையாகக் கேட்கும் முறை) 0.05-க்குக் கீழே வந்துவிட்டால் போதும், பிறகு இணைகளைத் திருத்தாமல் ஒப்பிடலாம் என்ற பழக்கம் மூன்று குழுக்களுக்கு மட்டுமே பாதுகாப்பு. நான்கிலிருந்து அது உடைந்துவிடும்.

எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியாத இடங்கள்

மூளைப் படங்களில் சோதனைகள் ஆயிரக்கணக்கில் நடக்கின்றன, ஆனால் திரையில் தெரிவது ஒரே படம். 2009-இல் கிரெய்க் பென்னட்டும் கூட்டாளிகளும் இறந்த சால்மன் மீன் ஒன்றை, மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்களின் உணர்ச்சி என்ன என்று கேட்டார்கள். 0.001 என்ற, பார்வைக்குக் கடுமையான வரம்பில், 8,064 கனசதுரப் புள்ளிகளில் 16 புள்ளிகள் "செயல்பட்டன". 8,064-ஐ 0.001-ஆல் பெருக்கினாலே தற்செயலாக எட்டுப் புள்ளிகளை எதிர்பார்க்கலாம். பல ஒப்பீடுகளுக்குத் திருத்தியதும் எல்லாம் மறைந்துவிட்டன. மரபணுத் தொடர்பு ஆய்வுகளில் 0.00000005 என்ற வரம்பு வந்ததும் இதே கணக்கில்தான்: 0.05-ஐப் பத்து லட்சத்தால் வகுத்தது.

உட்பிரிவுகள் இன்னும் ஆபத்தானவை, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் உடனே தோன்றிவிடும். 17,187 மாரடைப்பு நோயாளிகளைக் கொண்ட ஐசிஸ்-2 ஆய்வு 1988-இல் வெளியானது. ஆஸ்பிரின் உயிர் காக்கிறது என்று அது தெளிவாகக் காட்டியது. அதன் ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிறந்த ராசிப்படி பிரித்தும் அச்சிட்டார்கள்: மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் சற்றுக் கெடுதல் போலத் தெரிந்தது. அங்கே ராசி என்று இருந்ததால் எல்லோருக்கும் புரிந்தது. அதே எண்கள் "55 முதல் 60 வயது" என்றோ "நீரிழிவு உள்ளவர்கள்" என்றோ வந்திருந்தால், நம்மில் பலர் காரணம் எழுத உட்கார்ந்திருப்போம். உட்பிரிவுகளில் வேறுபாடு உண்டா என்று கேட்க வேண்டுமானால், ஒவ்வொரு பிரிவிலும் தனியாகப் பி-மதிப்பு பார்க்காதீர்கள். பிரிவுக்கும் சிகிச்சைக்கும் இடைவினை உண்டா, அதாவது சிகிச்சையின் பயன் பிரிவுக்குப் பிரிவு மாறுகிறதா என்று ஒரே சோதனையாகக் கேளுங்கள்.

இடையிடையே எட்டிப் பார்ப்பதும் ஒப்பீடுதான். தரவு சேரச் சேர ஐந்து முறை பார்த்து, எப்போது 0.05-க்குக் கீழே வருகிறதோ அப்போது நிறுத்தினால், உண்மையான பிழை வாய்ப்பு சுமார் 14 விழுக்காடு. பத்து முறை பார்த்தால் 19. பார்க்க வேண்டிய கட்டாயம் இருந்தால், 1977-இல் வந்த போக்காக் முறையையோ 1979-இல் வந்த ஓ'பிரையன்-ஃபிளெமிங் முறையையோ தொடக்கத்திலேயே திட்டத்தில் எழுதிவிடுங்கள். ஐந்து பார்வைக்குப் போக்காக் முறையின் வரம்பு ஒவ்வொரு பார்வையிலும் சுமார் 0.016.

திருத்தத்துக்கு ஒரு விலை உண்டு, அதை மறைத்தால் நான் நேர்மையாக இருக்க மாட்டேன். வரம்பு குறையும்போது உண்மையான வேறுபாடுகளும் நழுவும். அதே 80 விழுக்காடு திறனை (உண்மையான வேறுபாட்டைப் பிடிப்பதற்கான வாய்ப்பை) வைத்துக்கொண்டு வரம்பை 0.05-லிருந்து 0.005-க்கு இறக்கினால், பங்கேற்பாளர்கள் சுமார் 1.7 மடங்கு தேவை. மாதிரி அளவைக் கணக்கிடும் அன்றே திருத்தப்பட்ட வரம்பைப் போடுங்கள். 100 பேருக்கான அனுமதியும் நிதியும் வாங்கிவிட்டுப் பிறகு பத்து அளவீடுகளைச் சேர்ப்பவர்கள்தான் கடைசியில் என்னிடம் வந்து "திருத்தாமல் விட ஏதாவது வழி உண்டா" என்று கேட்கிறார்கள்.

தரவு ஏற்கெனவே கையில் இருந்தால்

பெரும்பாலோர் இந்த நிலையில்தான் வருகிறார்கள். திட்டம் எழுதவில்லை, சோதனைகள் ஓடிவிட்டன, ஒன்று மின்னுகிறது. அப்போதும் செய்யக்கூடியவை உண்டு. நினைவுக்கு எட்டிய எல்லாச் சோதனைகளையும் பட்டியலிடுங்கள். மென்பொருளின் பதிவுக் கோப்பு இருந்தால் அதிலிருந்து எடுங்கள். முழுப் பட்டியலுக்கும் திருத்தம் போடுங்கள். எல்லாவற்றின் விளைவு அளவையும் (வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதையும்) நம்பக இடைவெளியையும் ஒரே அட்டவணையில் கொடுங்கள், தேறாதவை உட்பட. தலைப்பிலும் சுருக்கத்திலும் "ஆராயும் நோக்கிலான ஆய்வு" என்று எழுதுங்கள். தரவு பெரியதாக இருந்து, ஒரு பகுதியை இன்னும் தொடாமல் வைத்திருந்தால், மின்னிய அந்த ஒன்றை மட்டும் அந்தப் பகுதியில் ஒரே ஒரு முறை சோதியுங்கள்.

செய்முறைப் பகுதிக்கு நான் எழுதித்தரும் வரிகள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "12 அளவீடுகளை 2 காலங்களில் ஒப்பிட்டோம், மொத்தம் 24 சோதனைகள். இவை அனைத்தையும் ஒரே குடும்பமாகக் கொண்டு ஹோம் முறையில் திருத்தினோம். இந்த முடிவு தரவைப் பார்க்கும் முன் எடுக்கப்பட்டது. திருத்தாத, திருத்திய பி-மதிப்புகள் இரண்டும் அட்டவணையில் உள்ளன." தரவைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு என்றால் மூன்றாம் வரியை அப்படியே மாற்றி எழுதச் சொல்வேன். அந்த வரியை நீக்கிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நீக்கினால் கட்டுரையில் என் பெயர் இருக்காது என்று சொல்லிவிடுவேன்.

அந்த மாணவியின் பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது. அவருடைய ஆய்வேட்டின் இறுதி வடிவத்தில் எங்கள் பழைய ஆய்வின் 16 பி-மதிப்புகளும் ஒரே அட்டவணையில், ஹோம் திருத்தத்தோடு இருக்கின்றன. அந்த எண்களைக் கொடுத்தது நான்தான். எங்கள் 0.02, திருத்தியபின் 0.32.